கெய்ரோவும் அதன் கூட்டமும்

கெய்ரோ சென்று திரும்புவோர் இரண்டு செய்திகளைத் தவறாமல் கூறுவர். ஒன்று பிரமிடுகளின் பெருமை. மற்றொன்று நகரின் நெரிசல். இரைச்சல், புகை, சாலையைக் கடப்பதே ஒரு போராட்டம், எதையும் அமைதியாகக் காண இயலவில்லை என்பர். இக்குறை பொய்யன்று. ஆயின், மக்களை அகற்றிவிட்டால் பழஞ்சின்னங்கள் சிறக்கும் என்று சிலர் அதிலிருந்து காணும் முடிவு எமக்கு உடன்பாடன்று.

கி.பி. 969-இல் பாத்திமியர் நிறுவிய பழைய நகரின் தென்வாயில் ஸுவைலா. அதன் எதிரே, மதிலுக்கு வெளியே, 1160-இல் எழுந்தது ஸாலிஹ் தலாயிஃ பள்ளிவாசல். தொழுமிடம் மேலே, கடைகள் கீழே. நூற்றாண்டுகளில் தெரு மட்டம் உயர்ந்துவிட்டதால் அக்கடைகள் இன்று பள்ளத்தில் கிடக்கின்றன. கடை வாடகையால் பள்ளியைப் பேணுவது ஏற்பாடு. நம்மூர்ப் பள்ளிவாசல்களின் வக்ஃபுக் கடைகளை அறிந்தோர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? வாங்குவோர் வாராத வீதியில் வாடகை ஏது?

வாயிலுள் நுழைந்து வடக்கே சென்றால் சுல்தான் கலாவூன் 1284–85-இல் எழுப்பிய மத்ரஸாவும் அடக்கத்தலமும் உள்ளன. அவற்றோடு அவர் கட்டிய மருத்துவமனையை, 1326-இல் அங்கு வந்த இப்னு பதூதா வியந்து எழுதினார். இன்னும் சற்றுத் தொலைவில், வீதி இரண்டாகப் பிரியும் இடத்தில், அப்துர் ரஹ்மான் கத்குதா 1744-இல் கட்டிய சிறு கட்டடம். கீழே வழிப்போக்கர்க்குத் தண்ணீர், மேலே சிறார்க்குக் குர்ஆன் பள்ளி. கல்லால் அமைந்த தண்ணீர்ப் பந்தல் எனலாம். தாகத்தோடு வரும் கூட்டத்தை எண்ணியன்றோ அதனைச் சந்தியில் நிறுத்தினர்!

வாகனங்களின் புகையும் அதிர்வும் பழஞ்சுவர்களுக்குக் கேடு என்பதை மறுக்கவில்லை. நிலத்தடி ஈரமும் அரிக்கிறது. 1992 அக்டோபர் நிலநடுக்கமும் பல கட்டடங்களைச் சிதைத்தது. ஆனால் நெரிசலைத் தீர்க்கவென்று வந்த சாலைகள் செய்ததென்ன? 1979-இலேயே யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற நகரில், 2020-இல் மேம்பாலச் சாலைக்காக வடக்குக் கல்லறைப் பகுதியில் அடக்கத்தலங்கள் இடிபட்டன. அவை பதிவுபெற்ற சின்னங்கள் அல்ல என்றது அரசு. பதிவேட்டில் இல்லாதது வரலாற்றிலும் இல்லை போலும்! பின்னர் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் அடக்கத்தலத்தை அடுத்த கல்லறைகளிலும் இடிப்பு நிகழ்ந்தது. 1211-இல் எழுந்த இமாமின் குவிமாடம் நிற்கிறது. சுற்றியிருந்தோர் உறவுகளின் எலும்புகளைப் பெயர்த்துக்கொண்டு போயினர். அந்த இமாமின் மத்ஹபைப் பின்பற்றும் காயல்பட்டினத்தார்க்கும் கீழக்கரையார்க்கும் இது எங்கோ நடந்த செய்தியன்று.

கெய்ரோ செல்லும் நம்மவர் பிரமிடுகளுக்கு ஒதுக்கும் பொழுதில் பாதியையேனும் ஸுவைலாவில் இறங்கிக் காலால் நடப்பதற்குத் தரலாம். தேநீர் அருந்தலாம், கடைக்காரரோடு பேரம் பேசலாம். வெள்ளி நண்பகலில் மட்டும் பள்ளிவாசல்களுக்கு வேடிக்கை பார்க்கச் செல்ல வேண்டா, தொழச் செல்லலாம்.