தோற்றால் வருந்தலாம், சோற்றைத் தள்ளலாமா?

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் தொழில்தான் இங்கே பலருக்குப் பிழைப்பு. வாரமெல்லாம் தையல் மிஷின் ஓடும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டெலிவிஷனில் கிரிக்கெட் ஓடும்!

நம் அணி ஜெயித்தால் தெருவில் வெடிச் சத்தம். தோற்றால்? சில வீடுகளில் இழவு விழுந்தது போல் ஆகிவிடுகிறது. வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். "ஏம்ப்பா தோத்துட்டோம்?" என்று கேட்ட பையனின் முதுகில் அறை விழும்.

தோல்விக்காக வருந்துவது தவறா? இல்லை. ஆசை வைத்த இடத்தில்தான் வருத்தம் வரும். ஆனால் அந்த வருத்தத்தை யார் தலையில் இறக்குவது என்பதுதான் கேள்வி.

மூன்று ஞாயிறுகள்

2023-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி. ஆமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதற்கு முன் ஆடிய 10 ஆட்டங்களிலும் இந்தியா வென்றிருந்தது. அன்று 240 ரன்னில் சுருண்டது. ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 ரன் குவித்தார். கோப்பை கை நழுவியது.

2019-ம் ஆண்டு மே 12-ந் தேதி. ஐதராபாத்தில் ஐ.பி.எல். இறுதி ஆட்டம். மும்பை 149 ரன். சென்னை 148 ரன். ஒரே ஒரு ரன்னில் தோல்வி! சென்னையின் வாட்சன் 80 ரன் எடுத்து, கடைசி ஓவரில் ரன் அவுட் ஆனார். அவர் முழங்காலில் ரத்தம் கசியக் கசிய ஆடினார். வீட்டில் உட்கார்ந்து திட்டியவர்களுக்கு அந்த வலி தெரிந்திருக்குமா?

இன்னொரு ஞாயிறும் உண்டு. அது தமிழ்நாட்டுக்கே பெருமை தந்த ஞாயிறு.

சேப்பாக்கம் காட்டிய வழி

1999-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி. சென்னை சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுடன் டெஸ்ட் ஆட்டம். இந்தியாவுக்குத் தேவை 271 ரன். 82 ரன்னுக்குள் 5 விக்கெட் போய்விட்டது. டெண்டுல்கர் முதுகு வலியோடு போராடி 136 ரன் எடுத்தார். இன்னும் 17 ரன்தான் வேண்டும். அப்போது அவர் அவுட்! மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி!

கூட்டம் என்ன செய்தது? கல் எறிந்ததா? இல்லை. மைதானத்தைச் சுற்றி வந்த பாகிஸ்தான் வீரர்களுக்கு எழுந்து நின்று கைதட்டியது! சேப்பாக்கம் ரசிகர்களின் பெருந்தன்மையை உலகமே மெச்சியது.

அவர்களுக்கு மட்டும் நெஞ்சு வலிக்கவில்லையா? வலித்தது. ஆனாலும் நன்றாக ஆடியவனை நன்றாக ஆடினான் என்று சொல்லும் மனம் இருந்தது.

பனியன் கம்பெனி சொல்லும் பாடம்

ஓவர்லாக் தையலில் ஒரு நூல் விட்டுப்போனால் என்ன செய்கிறார்கள்? செக்கிங் பார்க்கும் பெண் அந்த இடத்தில் அடையாளம் வைக்கிறாள். டெய்லர் பிரித்து மறுபடி தைக்கிறார். யாரும் டெய்லரின் அம்மாவைத் திட்டுவதில்லை. தவறைச் சொல்வது வேறு. ஆளைத் தூற்றுவது வேறு. ஆட்டக்காரருக்கும் இது பொருந்தும். "அந்தப் பந்தை அடித்திருக்கக் கூடாது" என்று தாராளமாகச் சொல்லலாம். செல்போனில் அவர் குடும்பத்தை ஏசுவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று. சனிக்கிழமை வாங்கிய கூலியை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பந்தயம் கட்டுகிறவர்களும் உண்டு. அணி தோற்றால் அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கலாம். போன அரிசிப் பணம் திரும்பி வருமா?

அணி தோற்ற இரவில் ரசிகர் செய்ய வேண்டியது அதிகமில்லை. டெலிவிஷனை அணைக்க வேண்டும். பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஏன் தோற்றோம் என்று பையன் கேட்டால், எதிராளி நன்றாக ஆடினான் என்று சொல்ல வேண்டும். தோல்வியைத் தாங்குவது எப்படி என்று பிள்ளை அப்பாவைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறான்.