மாஸ்டர் சாப்பிட்டாச்சு, மத்தவங்க?

கோஸ்ரீ பாலத்தில் அலுவலக வண்டி நெரிசலில் நின்றால், வல்லார்பாடம் முனையத்துக் கண்டெய்னர் அடுக்குகளை எண்ணிக்கொண்டிருப்பேன். 2011-ல் திறந்த முனையம். எந்தப் பெட்டி என்ன எடை என்று வெளியிலிருந்து தெரியுமா? தெரியாது. அதனால்தான் 2016 ஜூலையிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி எடைச் சான்று இல்லாமல் கப்பலில் ஏற்றக்கூடாது என்று உலகம் முழுக்க விதி.

நம்ம நெட்வொர்க் ஆசாமிகளுக்குத்தான் இந்தப் புத்தி வரமாட்டேன் என்கிறது.

பொட்டி தட்டாதவர்களுக்காக: ஸ்விட்ச் ஸ்டாக் என்பது நாலைந்து ஸ்விட்சுகளைப் பின்பக்கம் கேபிளால் கோத்து, ஒரே ஸ்விட்ச் மாதிரி நடத்துவது. சிஸ்கோ 3750-ல் 9 வரை கோக்கலாம். ஒரே ஐபி முகவரி, ஒருவர் மாஸ்டர். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பிராசசரும் மெமரியும் ஒவ்வொன்றுக்கும் தனி. மாஸ்டரில் 'ஷோ மெமரி' அடித்தால் வருவது மாஸ்டர் கணக்கு மட்டும். கூட்டுக்குடும்பத்தில் பெரியவரிடம் "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போல. அவர் சாப்பிட்டிருப்பார்!

முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ராத்திரி மூன்றாவது ஸ்விட்ச் தானாக ரீலோடு ஆகி, ரெண்டு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. கண்காணிப்புத் திரையில் மாதக்கணக்காக மெமரி பச்சை. மாஸ்டரின் பச்சை. "கிராஃப் நல்லாத்தானேடோ இருக்கு?" என்றார் மேலாளர். அதன்பின் தினமும் 'செஷன் 3' போட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். காலி மெமரி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருந்தது. மாஸ்டரில் அசைவே இல்லை.

அந்த ஸ்விட்சில்தான் வருகைப்பதிவு மெஷின் இருந்தது. ராத்திரி ஷிப்டுக்கு வந்த தேனிப் பக்கத்து ஒப்பந்தத் தொழிலாளர்கள் பஞ்ச் ஆகவில்லை என்று அரைநாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். "தம்பி, நான் கை வச்சேனே" என்று ஒரு பெரியவர் என்னிடம் விரலைக் காட்டினார். பணத்தைத் திருப்பி வாங்க மூன்று வாரம் அலைந்தோம்.

3850, 9300 வந்தபின் சாக்குச் சொல்லவும் வழியில்லை. 'ஷோ பிளாட்ஃபார்ம் சாஃப்ட்வேர் ஸ்டேட்டஸ் கண்ட்ரோல்-பிராசசர் பிரீஃப்' என்று அடித்தால் எல்லா ஸ்விட்சின் மெமரியும் வரிசையாக வரும். கமாண்டுதான் கல்யாணப் பத்திரிகை நீளம் :-)

ஸ்டாக்குக்கு ஒரே மெமரி எண் போட்டு வரும் மாத ரிப்போர்ட்டில் நான் இப்போது கையெழுத்துப் போடுவதில்லை. வெண்டர் பையன் முகத்தைச் சுளிக்கிறான். சுளிக்கட்டும்.