நாணமும் நல்லாசிரியரும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். கல்வியியற் கல்லூரி ஒன்றிலே சுகாதாரமும் உடற்கல்வியும் பயில்பவன். கற்பித்தற் பயிற்சிக்காகப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்ட இடத்தில் நிகழ்ந்ததை வருத்தத்தோடு கூறினான்.

பருவ வயதின் மாற்றங்களைப் பற்றிய பாடம் அவன் பங்குக்கு வந்தது. முதல்நாள் இரவு கண்விழித்து ஆயத்தஞ் செய்திருக்கிறான். வகுப்பிலே கரும்பலகையில் 'மாதவிடாய்' என்று எழுதினான். பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழுந்தது. அவ்வளவுதான்! "இதனை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறி அடுத்த பாடத்துக்குப் போய்விட்டான்.

"ஐயா, பாடம் எனக்கு நன்றாகத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வகுப்பிலே கூறிய அந்த வாக்கியம் என்னுடையது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், இனப்பெருக்கம் பற்றிய அலகை அவனுடைய வகுப்பில் நான் அப்படித்தான் கடந்து சென்றேன். நான் கற்பிக்காது விட்ட பாடத்தை அவன் மறந்துவிடவில்லை. விடும் விதத்தை என்னிடமிருந்து செவ்வனே கற்றுக்கொண்டான்!

சுகாதாரங் கற்பிக்கப் போகின்றவருக்கு அறிவு மட்டும் போதாது. தம் மனத்திலே உறைந்திருக்கும் கூச்சத்தையும் அருவருப்பையும் அவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டும். இதனை மேனாட்டார் காலந்தாழ்த்தியே உணர்ந்தனர். 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னெசோட்டாப் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி பாலியல் பற்றிய தனித் திட்டமொன்றைத் தொடங்கியது. அத்தகைய பயிற்சிகளிலே பயில்வோர் படங்களைப் பார்த்தபின் சிறு குழுக்களாக அமர்வர். அவை தம் உள்ளத்தில் எழுப்பிய உணர்ச்சிகளை மறைக்காது பேசுவர். பிறருக்கு வழிகாட்டுமுன் தம்மையே அறிந்துகொள்ளும் பயிற்சி அது.

நம் வீடுகளின் நிலையைப் பாருங்கள். மகள் பருவமடைந்தால் ஊரைக் கூட்டிச் சாமத்தியச் சடங்கு நடத்துகிறோம். பந்தலிட்டுப் படமும் பிடிக்கிறோம். ஆனால், அவளுடைய உடலில் நிகழ்ந்தது என்னவென்று அவளுக்குச் சொல்வார் எத்தனை பேர்? 'துடக்கு' என்றும் 'வீட்டுக்குத் தூரம்' என்றும் சொல்லி விலக்குகிறோம். இச்சொற்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் நாளை சுகாதார ஆசிரியராகிறது. கல்லூரிப் பாடநூல் அவருடைய அறிவை மாற்றுகிறது. மனத்தை மாற்ற அது ஒன்றே போதுமா?

நாணம் தமிழர் பண்பன்றோ என்று சிலர் கேட்பர். வள்ளுவர் 'நாணுடைமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும், அங்கே அவர் போற்றியது தகாத செயலுக்கு நாணுதலையே. உடலின் இயற்கையைச் சொல்ல அஞ்சுவது அந்த நாணமாகாது.

இவற்றைப் பேசினால் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்ற அச்சமும் உண்டு. உலக நாடுகள் பலவற்றில் நடந்த ஆய்வுகளை யுனெஸ்கோ நிறுவனம் தொகுத்து ஆராய்ந்து, 2018ஆம் ஆண்டில் தன் வழிகாட்டி நூலைத் திருத்தி வெளியிட்டது. முறையான பாலியற் கல்வி இளைஞரின் பாலுறவு நடத்தையைத் தூண்டுவதில்லை என்பதே அது கண்ட முடிவு. கெடுதி மௌனத்தில்தான் இருக்கிறது. தீயவன் ஒருவன் தொடத் தகாத இடத்தைத் தொட்டால், அதனை முறையிடப் பிள்ளைக்குச் சொல் வேண்டாமா?

நமக்கு முன்மாதிரி தொலைவில் இல்லை. 1926ஆம் ஆண்டு களுத்துறையில் இந்நாட்டின் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்தது. அக்காலந்தொட்டு வீடு வீடாகச் சென்று வரும் மருத்துவமாதரை எண்ணிப் பாருங்கள். இன்று குடும்பநல உத்தியோகத்தர் என்கிறோம். கருத்தரித்தல் பற்றியும் கருத்தடை பற்றியும் நம் முற்றத்திலே நின்று அவர் தெளிவாகப் பேசுகிறார். அதனால் அவருடைய மதிப்புக் குறைந்ததா? குடும்பத்துக்கே உற்றவராக அன்றோ அவரை ஏற்றுக்கொண்டோம்!

அன்று மாலை நானும் என் மாணவனும் திண்ணையில் அமர்ந்து அந்தப் பாடத்தை ஒருமுறை நடத்திப் பார்த்தோம். அவன் ஆசிரியன், நான் மாணவன். முதலில் இருவருடைய நாவும் தடுமாறின. மூன்றாம் முறை அச்சொற்கள் வெறுஞ் சொற்களாயின.

அடுத்த தவணையில் அந்த அலகு என் வகுப்புக்கும் வருகிறது. இம்முறை வீட்டிலே வாசிக்குமாறு சொல்லப் போவதில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து ஏதேனும் கேட்டால், தயவுசெய்து நீங்களும் "வாத்தியாரிடம் கேள்" என்று சொல்லி விடாதீர்கள்.