மூன்று இதழ்களைக் காணோம்



இந்த மாத இதழ் ஒரு வாரம் பிந்தி உங்கள் கைக்கு வருகிறது. "ஆசிரியருக்குக் காய்ச்சலா?" என்று சாலைக் கடைவீதியிலிருந்து ஒரு வாசகர் போனில் விசாரித்தார். காய்ச்சல் எனக்கில்லை, கணிப்பொறிகளுக்கு.

நம் அலுவலகக் கணிப்பொறிகள் 2014இல் வாங்கியவை. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் சாயா குடித்துத் திரும்பினால், அப்போதுதான் திரை கண்விழிக்கும். அவற்றில் ஓடிய விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்குப் போகலாமென்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. நம்மிடம் அது கிடையாது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார்கள். கல்லாப்பெட்டியைத் திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன்.

அப்போதுதான் ஸ்க்ரூ டிரைவரோடு ஒரு தம்பி வந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி என் கையில் வைத்தார். செங்கல் துண்டு போலக் கனத்தது. உள்ளே தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுழல, ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேட வேண்டும். அந்த இடத்தில் அவர் பொருத்திய எஸ்.எஸ்.டி., பாக்கெட் பஞ்சாங்கம் அளவுதான். அதில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை. எல்லாம் மெமரி சில்லுகள்.

"சிஸ்டம் எது போடப்போறீங்க தம்பி?"

"உபுண்டு சார். அஞ்சாம் கிளாஸ்லேருந்து இதுலதான் படிச்சேன்."

கேரள அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் அவர். உபுண்டு, லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த கட்டற்ற மென்பொருள்; நம் ஊருக்கு அதில் ஒரு பழைய கதை உண்டு. 2001இல் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரம் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். அந்தக் காலகட்டத்தில் பிறந்த 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் பிறகு பள்ளிக் கணிப்பொறிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோனது. 2017இல் 'கைட்' என்ற அரசு நிறுவனமானது. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாக வைத்துத் தனக்கென ஓர் இயங்குதளத்தையே கைட் வெளியிட்டது. பள்ளியில் விதைத்தது நம் அலுவலக மேசையில் முளைத்திருக்கிறது.

தட்டச்சு செய்யும் அக்காவுக்கு ஒரே கவலை: "என் தமிழ்99 கீபோர்டு இருக்குமா?" இருந்தது. 'அம்மா' என்று அடித்துப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் சாய்ந்தார். இப்போது சாயா குடிக்க நேரமில்லை. அரை நிமிடத்தில் திரை வந்துவிடுகிறது.

ஒரு வாரத்தைத் தின்றது வேறு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பழைய இதழ்கள் புதிய சிஸ்டத்தில் 'ÜFë' என்ற பாணியில் பல்லைக் காட்டின. ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றினோம். பேஜ்மேக்கரில் வடிவமைத்த பக்கங்களுக்காகவே ஒரு கணிப்பொறியைப் பழைய விண்டோஸோடு, இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மூலையில் உட்கார வைத்திருக்கிறோம்.

தம்பி போகும்போது ஒன்று சொன்னார்: "பழைய டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி பல சமயம் கடகடன்னு முனகும் சார். எஸ்.எஸ்.டி. சொல்லாமலே போயிடலாம். வேற எடத்துலயும் ஒரு காப்பி வைங்க." வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் படங்களுக்கும் இதையே செய்யுங்கள்.

அப்படியும் 2006ஆம் ஆண்டின் மார்ச், ஏப்ரல், மே இதழ்கள் எந்தக் கணிப்பொறியிலும் திறக்கவில்லை. அலுவலகத்தில் அச்சுப் பிரதியும் இல்லை. உங்கள் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ அவை கிடந்தால் ஒரு வரி எழுதுங்கள். நாங்களே வந்து வாங்கி, நகலெடுத்துத் திருப்பித் தருகிறோம். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
ஆசிரியர்