பிரம்மாண்டம் மட்டும் போதுமா?

"ஆக்‌ஷன் படம்னா மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்கணும்" என்று வாதாடும் ரசிகர்கள் நிறைய. அவர்கள் 2010-ல் வந்த ஷங்கரின் எந்திரனை இன்னொரு முறை பார்க்கட்டும்.

நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் பந்தாக உருண்டு, பாம்பாக நெளிந்து, ராட்சதனாக எழும் கிளைமாக்ஸ் கோடிகள் இல்லாமல் வராது. பணம் இருந்தால்தான் இப்படி வாய் பிளக்க வைக்க முடியும். அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

ஆனால் அங்கே யாருக்காகவாவது மனசு பதறுகிறதா? இல்லையே! சாகிறவர்களுக்குப் பெயர்கூட கிடையாது.

அதே படத்தில் தீ விபத்துக் காட்சி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணை சிட்டி அப்படியே தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே வருகிறது. அவமானம் தாங்காமல் ஓடுகிறவள் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றத் தெரிந்த இயந்திரத்துக்கு மானம் என்றால் என்னவென்று தெரியவில்லை! அந்தக் காட்சியில் நெருப்புக்குத்தான் செலவு. நெஞ்சை அடைக்க வைப்பது கதை. கடைசியில் கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் இடமும் அப்படித்தான்.

பிரம்மாண்டம் வேண்டாம் என்பதல்ல வாதம். இந்தச் சண்டையில் யார் எதை இழக்கிறார்கள் என்று முதலில் எழுதிவிட்டு, அப்புறம் கோடிகளைக் கொட்டட்டும். ரசிகர்களும் மூளையோடு, மனசோடு தியேட்டருக்குப் போகட்டும். டிக்கெட் காசு அவர்களுடையதுதானே?