ஒரே பட்டா, இரண்டு பொருள்

சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் சாலையிலும், திருப்பதியின் சுற்றுப்புறங்களிலும் வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் ஊன்றிய வயல்களை இன்று எங்கும் காணலாம். சென்னையிலும் பெங்களூரிலும் ஒரு மனை வாங்குவது சாமான்யருக்கு எட்டாக் கனியாகிவிட்டது. ஆகவே, ஓய்வுபெறும் காலத்தில் சந்தடியற்ற சிற்றூரில் சொந்த வீடு என்ற ஆசையோடு, ஆலைத் தொழிலாளரும் அலுவலக குமாஸ்தாக்களும் வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொண்டு இப்பக்கம் வருகின்றனர். தரகர்கள் விலையைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். நிலத்தின் பூர்வோத்தரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆபத்து இருப்பதோ பின்னதில்தான்.

தமிழர்கள் இங்கே ஏமாறுவதற்கு விசித்திரமான காரணம் ஒன்று உண்டு. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் உருவாகும் வரை சித்தூர் ஜில்லா சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது. பட்டா, அடங்கல், புறம்போக்கு, ஜமாபந்தி என்று வருவாய்த் துறைச் சொற்கள் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. ஊரில் தெரிந்த சொல் காதில் விழுந்ததும், "பட்டா இருக்கிறது, போதும்" என்று மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் எல்லாப் பட்டாவும் விற்கத்தக்க பட்டா அல்ல.

இங்கே "டி.கே.டி. பட்டா" என்று ஒன்று உண்டு. நிலமற்ற ஏழைகளுக்குச் சர்க்கார் தர்காஸ்து முறையில் ஒப்படைத்த நிலம் அது. 1954 ஜூன் மாதத்து அரசாணைக்குப் பிறகு இவ்வாறு கொடுக்கப்பட்ட நிலங்களை, பெற்றவர் உழுது அனுபவிக்கலாம், விற்க முடியாது. 1977ஆம் ஆண்டுச் சட்டம் இதை மேலும் இறுக்கியது. விற்பனை செல்லாது, நிலத்தைச் சர்க்கார் மீட்டுக்கொள்ளலாம், வாங்கியவருக்குச் சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பதிவு அலுவலகம் இந்நிலத்தைப் பதியாது என்பதால், முத்திரைத் தாளில் ஓர் ஒப்பந்தம், ஒரு பவர் பத்திரம், நோட்டரியின் முத்திரை என்று வேறு காகிதங்களைக் கையில் திணிக்கிறார்கள். பவர் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று சுப்ரீம் கோர்ட் 2011இலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

2023இல் இச்சட்டம் திருத்தப்பட்டு, இருபது ஆண்டுகள் கடந்த ஒப்படைப்பு நிலங்களில் மூல ஒப்படைப்புதாரர்களுக்கு முழு உரிமை அளிக்க வழி செய்யப்பட்டது. மறு ஆண்டு ஆட்சி மாறியது. முறைகேடுகள் நடந்தன என்ற புகார்களின் பேரில், அவ்வாறு விடுவிக்கப்பட்ட நிலங்களின் பதிவு நிறுத்தி வைக்கப்பட்டது. 2024 ஜூலையில் மதனப்பள்ளி சப் கலெக்டர் அலுவலகத்தில் நள்ளிரவில் தீப்பிடித்து நிலக் கோப்புகள் எரிந்துபோனது நாடறிந்த செய்தி. "டி.கே.டி.தான், ஆனால் இப்போது விற்கலாம்" என்று சொல்பவரிடம், எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் என்று கேட்டு நகல் வாங்காமல் முன்பணம் கொடுப்பது விவேகமன்று.

இன்னொரு வகை இதைவிட வேடிக்கையானது. வெள்ளையர் காலத்து நிலவரிப் பதிவேட்டில் உடைமையாளர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் புள்ளிகள் மட்டும் வைக்கப்பட்ட நிலங்கள் ஏராளம். தெலுங்கில் இவற்றைச் "சுக்கல பூமுலு" என்பர். யாருடையது என்று தெரியாததால் எழுத்தர் வைத்த புள்ளி, நூறாண்டு கழித்து ஒரு குடும்பத்தின் கிரயத்தைத் தடுத்து நிறுத்துகிறது! இதைத் தீர்க்க 2017இல் தனிச் சட்டமே வந்தது. 2023 மே மாதம் மாநிலமெங்கும் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் தடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. நீங்காதவையும் இருக்கின்றன.

திருப்பதி வட்டாரத்தில் கோயில், மடம் ஆகியவற்றின் இனாம் நிலங்களும் உண்டு. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி இவற்றை விற்றால் செல்லாது என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே வீடு கட்டி, கிரகப்பிரவேசமும் முடித்துவிட்டு, வங்கிக் கடன் கேட்கப் போகும்போதுதான் விஷயம் வெளிவருகிறது.

பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவின்படி பதியக் கூடாத சர்வே எண்களின் பட்டியல் இருக்கிறது. அதை முதலில் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று அவசியமே, ஆயினும் பதிவான பத்திரங்களைத்தான் அது காட்டும். நிலத்தின் ஜாதகத்தைக் காட்டாது. அதற்கு அடங்கலும், 1-பி பதிவும், பழைய நிலவரிப் பதிவேட்டு நகலும் வேண்டும். 2020 டிசம்பரில் தொடங்கிய மறு அளவைக்குப் பின் பல கிராமங்களில் சர்வே எண்ணுக்குப் பதில் புதிய எண் வந்துவிட்டது. இரண்டும் ஒரே நிலத்தைத்தான் குறிக்கின்றனவா என்று ஒத்துப் பார்ப்பது நல்லது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு 'ரெரா'வில் பதிவாகியிருக்க வேண்டும்.

அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. திருப்பதி வழக்கில் ஓர் அங்கணம் 36 சதுர அடி. நெல்லூர் வழக்கில் 72. 2022இல் பழைய நெல்லூர் மாவட்டப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது, இரண்டு அங்கணங்களும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. ஐம்பது அங்கணம் என்றால் ஓரிடத்தில் 1,800 சதுர அடி, வேறிடத்தில் 3,600. பத்திரத்தில் சதுர அடியும் எழுதச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"பெங்களூர்–சென்னை விரைவுச் சாலைக்குப் பக்கத்து மனை" என்பது இப்போதைய பெரிய கவர்ச்சி. சுமார் 260 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலை பலமனேர், சித்தூர் வழியாக அமைகிறது. ஆனால் நினைத்த இடத்தில் ஏறி இறங்கும் சாலை அல்ல அது. குறிப்பிட்ட சந்திப்புகளில் மட்டுமே வழி. வேலியை ஒட்டி மனை வாங்கியவர் வண்டிகள் பறப்பதைப் பார்க்கலாம். ஏறுவதற்குச் சந்திப்பு வரை சுற்றிப் போக வேண்டியதுதான்.

கடைசியாகத் தண்ணீர். சித்தூரின் மேற்குப் பகுதி வானம் பார்த்த பூமி. ஆழ்துளைக் கிணறு பல நூறு அடி இறங்கியும் வறண்டு போவது அங்கே புதிதல்ல. கிணறு தோண்ட 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியும் பெற வேண்டும். மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் மனையைச் சுற்றிக் காட்டினால் எல்லாம் பசுமையாகவே தெரியும். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் கிணற்றைப் பற்றி விசாரிக்க மே மாதமே ஏற்றது.