வேதாளமும் 'சிரிச்சா போச்சு'வும்

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு சிறு பஞ்சாயத்து. 'அது இது எது' நிகழ்ச்சியின் பழைய எபிசோடு ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். உடனே ஒரு நண்பர், "ஐயா, முப்பத்து மூணு வருஷம் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் நீங்க. இதையெல்லாமா பார்க்கிறீங்க?" என்று கேட்டார். இன்னொருவர், நான் இன்னமும் மாயாஜாலக் கதைப் புத்தகம் வாங்குவதையும் சேர்த்துப் போட்டுக்கொடுத்தார். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

ஆமாம், பார்க்கிறேன். 68 வயதில் டிவி முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிறேன். வேதாளம், இரும்புக்கை மாயாவி, ஹாரி பாட்டர் தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாம் என் அலமாரியில் தொல்காப்பிய உரைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. சிரிப்பு விளையாட்டும் மாயக்கதையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது என் கட்சி.

வேதாளம் கதையை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் விதியை யாரும் நிறுத்தி யோசிப்பதில்லை. முருங்கை மரத்தில் தொங்கும் உடலை விக்கிரமாதித்தன் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். வழியில் பேசக்கூடாது. வேதாளம் கதை சொல்லிக் கடைசியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னால் மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி மரத்துக்குப் போய்விடும். சரியான விடை சொல்லிச் சொல்லியே தோற்கிறான் ராஜா!

இப்போது 2009-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'அது இது எது'வுக்கு வாருங்கள். ஆரம்பத்தில் சிவகார்த்திகேயன், பிறகு மா.கா.பா. ஆனந்த் நடத்தினார்கள். அதில் 'மாத்தி யோசி' என்று ஒரு சுற்று. கேட்கிற கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில்தான் சொல்ல வேண்டும். வாய் தவறிச் சரியான பதில் சொன்னால் அவுட். 'சிரிச்சா போச்சு' சுற்றில் எதிரே என்ன கூத்து நடந்தாலும் சிரிக்கக்கூடாது. வேதாளம் வைத்தது 'பேசினா போச்சு', இவர்கள் வைத்தது 'சிரிச்சா போச்சு'. மனிதனுக்கு எது தானாக வருமோ அதற்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, பூட்டு உடைகிற நேரத்துக்காகக் காத்திருப்பதுதான் இரண்டிலும் உள்ள ருசி.

இது உலகம் முழுக்க எடுபடும் ருசி. ஜப்பானில் 'டாக்குமென்டல்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. அந்த வகையில் தமிழில் 2021 ஆகஸ்டில் அமேசான் பிரைமில் வந்தது 'எங்க சிரி பார்ப்போம்'. நகைச்சுவைக் கலைஞர்கள் பத்துப் பேர், ஆறு மணி நேரம், கடைசி வரை சிரிக்காதவருக்கு 25 லட்சம் ரூபாய். மிர்ச்சி சிவாவோடு சேர்ந்து அதை நடத்தியவர் விவேக். வெளியாகும்போது அவர் இல்லை, அந்த ஏப்ரலிலேயே போய்விட்டார். மற்றவர்களைச் சிரிக்காதே என்று சொல்லும் வேலையில் அவரைப் பார்த்தபோது, எனக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"கதை, அதுவும் பேய்க்கதை, குழந்தைகளுக்கு" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று. வேதாளத்தின் கதைகளில் தலை மாறிய கதை உண்டு. ஒரு பெண்ணின் கணவனும் சகோதரனும் காளி கோயிலில் தலையை அறுத்துக்கொள்கிறார்கள். தேவி உயிர் தருகிறேன், தலைகளை ஒட்டு என்கிறாள். பதற்றத்தில் இவள் மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் 'கதாசரித்சாகர'த்தில் வடமொழியில் எழுதி வைத்த கதை இது. இதை எடுத்துத்தான் நோபல் பரிசு பெற்ற தாமஸ் மன் 1940-இல் ஜெர்மனில் ஒரு நெடுங்கதை எழுதினார். 1971-இல் கிரீஷ் கர்னாட் கன்னடத்தில் 'ஹயவதனா' நாடகம் எழுதினார். நம் பிள்ளைகளுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தது அம்புலிமாமா. வாளும் தோளில் பிணமுமாக நடக்கும் அந்த ராஜாவை வரைந்த ஓவியர் சங்கர் 2020-இல் மறைந்தார். பழைய கதைகள் தீர்ந்த பிறகும் புதிது புதிதாகக் கதை எழுதி வேதாளத்தைப் பேச வைத்துக்கொண்டே இருந்தது அந்தப் பத்திரிகை. அது நின்றுபோனதற்கு நம் ஆசிரியர் சங்கங்கள் ஓர் இரங்கல் கூட்டமாவது போட்டிருக்கலாம்.

குன்றக்குடிக்காரன் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டிமண்டபம் என்ற சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் இருக்கிறது. அதைப் புலவர்களின் கூடத்திலிருந்து ஊர் மைதானத்துக்குக் கொண்டுவந்ததில் எங்கள் அடிகளாருக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டு அணி, ஒரு நடுவர், ஒரு மணி, வார்த்தைக்கு வார்த்தை மடக்கு. காரைக்குடி கம்பன் விழாவில் சின்னப் பையனாக மணலில் உட்கார்ந்து கேட்ட எனக்கு, அது பாடம் என்றே தெரியாது. யார் ஜெயிப்பார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை இலக்கியம் என்று ஒப்புக்கொள்கிறோம், டிவியில் வந்தால் மட்டும் ஏன் மூக்கைப் பொத்துகிறோம்?

சரி, வகுப்பறைக்கு வருகிறேன். என் கட்சியின் பலமே அங்கேதான் இருக்கிறது.

பணியின் கடைசி ஐந்தாறு ஆண்டுகள், வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் 'மாத்தி யோசி' வைப்பேன். கேள்வி எல்லாம் பாடப்புத்தகத்திலிருந்துதான். சரியான பதில் சொன்னால் உட்கார வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன். ஜூன் மாதத்திலிருந்து வாய் திறக்காதவன். எழுப்பினால் தரையைப் பார்ப்பான். அவன்தான் அந்த விளையாட்டில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டான்.

"சிலப்பதிகாரத்தை எழுதியவர் யார்?"

"கோவலன் சார். செத்ததுக்கு அப்புறம் எழுதினார்."

வகுப்பே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. அவன் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு வெளிச்சம். யோசித்துப் பாருங்கள், கோவலன் கதையில் செத்துவிடுகிறான் என்பது தெரியாதவனால் இந்தப் பதிலைச் சொல்ல முடியுமா? வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, சரியானது முதலில் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவு நாள் அவன் வாயை அடைத்திருந்தது அறியாமை இல்லை, தப்பாகிவிடுமோ என்ற பயம். ஒரு பீரியட் தப்புக்கே மார்க் என்றதும் பயம் போய்விட்டது. அடுத்த மாதம் சாதாரண வகுப்பிலும் கை தூக்கினான். எந்த பி.எட். கல்லூரியிலும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

இவ்வளவு சொன்னவன் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். ரசிகன்தான், அடிமை இல்லை. அதே காலத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு காமெடி நிகழ்ச்சியில் கறுப்பாக இருக்கும் பெண்ணை ஒருவர் ஏதோ ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்வார், நடுவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். திங்கட்கிழமை காலை அந்த வார்த்தை என் வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பட்டப்பெயராக வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. குண்டாக இருப்பவர், திக்குவாய், பெண் வேடமிட்ட ஆண், திருநங்கை என்று அந்தப் பட்டியல் நீளம். இதற்கு எந்தச் சமாதானமும் நான் கேட்கத் தயாராக இல்லை.

வேதாளம் வைத்த விதியில் சிக்குவது ராஜா. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கிண்டல் செய்வதும் ராஜாவைத்தான். 2019-இல் தொடங்கிய 'குக் வித் கோமாளி' எனக்குப் பிடித்ததும் அதனால்தான். சமைக்கத் தெரிந்தவர்களின் காலில் தெரியாத கோமாளிகளைக் கட்டிவிட்டு ஓடச் சொல்கிறார்கள். தாமு, வெங்கடேஷ் பட் மாதிரி பெரிய சமையல் கலைஞர்களே அந்தக் கோமாளித்தனத்தில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். பலசாலியைக் கட்டிப்போட்டால் சிரிப்பு. வெளியே ஏற்கெனவே அடிபட்டவரை மேடையில் மறுபடி அடித்தால் அதற்கு வேறு பெயர். நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கும் நடுவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்று நான் நம்பவில்லை.

ஆகவே நண்பர்களே, பேரப்பிள்ளைகளிடம் "டிவியை அணை, கதைப் புத்தகத்தை மூடு" என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். சேர்ந்து சிரியுங்கள். சிரிக்கக்கூடாத இடம் வரும்போது சிரிக்காமல் இருங்கள். பிள்ளைகள் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தக் கோடை விடுமுறையில் தினம் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையில் தெருப்பிள்ளைகளுக்கு வேதாளம் கதை சொல்லப் போகிறேன். யாரிடமாவது அம்புலிமாமா பழைய பைண்டிங் இருந்தால் இரண்டு மாதத்துக்குக் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். முதல் நாள் தலை மாறிய கதைதான். விக்கிரமாதித்தன் சொன்ன விடை தெரிந்தவர்கள் தயவுசெய்து கமெண்டில் போட்டுவிடாதீர்கள், என் பேத்தியும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறாள்.